உப்புப் போட்ட வில்லைகள்

என் வீட்டுக்காரர் பிளம்பர். முப்பத்திரண்டு வருடமாக அதே தொழில். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அவர் மாட்டிய குழாயில்தான் காலையில் முகம் கழுவுகிறார்கள். அவருக்குப் பேச வராது. கேட்டால் பதில் வரும், அதுவும் பாதிதான் வரும். ஆனால் வேலையில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். குழாயை ஒட்டி முடித்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஜாயின்டுக்கு நேர் கீழே செய்தித்தாள் ஒன்றை விரிப்பார். பிறகு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுக்காரர்கள் போதும், கிளம்பு என்றாலும் எழ மாட்டார். தாளில் பொட்டு ஈரம் இல்லை என்று தெரிந்தால்தான் பையைத் தூக்குவார். தான் போட்ட ஜாயின்டைப் பார்க்க இரண்டாம் தடவை எங்கேயும் போனதில்லை என்பார். வாழ்நாளில் அவர் அடித்துக்கொண்ட தம்பட்டம் அது ஒன்றுதான்.

அந்த ஒன்றையும் நான் பறித்தேன். எப்படி என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கேயாவது நான் நல்லவளாகத் தெரிந்தால், அந்த இடத்தில் பூசி மெழுகுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஊறுகாய் கம்பெனியில் பதினெட்டு வருடம் எலுமிச்சை நறுக்கியவள். நறுக்கும் பிரிவில் ஒரே சட்டம்தான். வெட்டிய துண்டு உப்பில்லாமல் ஒரு நிமிடம் நிற்கக் கூடாது. வலது கையில் கத்தி, இடது பக்கம் உப்புத் தொட்டி. வெட்டு, தூவு, தள்ளு. சூப்பர்வைசர் அம்மா எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே "உப்பு, உப்பு" என்று சொல்லிக்கொண்டு போவார். வேறு எந்த வார்த்தையும் அவருக்குத் தெரியாது என்று நாங்கள் கேலி செய்வோம். இன்னொரு பழக்கமும் அங்கே தொற்றியது. பீப்பாயில் ஊறும் தண்ணீரில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பது. அளக்கும் கருவியெல்லாம் ஆபீஸ் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. எங்களுக்கு நாக்குதான் கருவி. அதனால் எந்த ஈரத்தைத் தொட்டாலும் விரல் தானாக வாய்க்குப் போகும். ஒருமுறை பஸ் ஜன்னலில் வழிந்த மழைத்தண்ணீரை அப்படி ருசி பார்த்துவிட்டேன். பக்கத்துச் சீட்டுப் பெண் பார்த்த பார்வையில் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டேன்.

மணிக்கட்டு வீங்கிப்போய், நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிற வேலை இனி ஆகாது என்று டாக்டர் சொன்னதும் கம்பெனியை விட்டேன். வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு டெய்லர் அக்கா ஒருநாள் தன் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். யாரோ ஒரு பெண் ஆரஞ்சுப் பழத்தை வட்ட வட்டமாக நறுக்கிக் காயவைத்து, சணல் கயிற்றில் கோத்து, ஜன்னலில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தாள். நறுக்குவதை விட்டால் உனக்கு வேறு என்ன தெரியும், இதையாவது செய் என்றாள் அக்கா. அவள் பேச்சு அப்படித்தான். அவள் தைத்த துணியும் அப்படித்தான், எங்கேயாவது ஓரிடத்தில் பிடிக்கும்.

முதல் பழத்தை நறுக்கினேன். நறுக்கியதும் உப்புத் தூவினேன். யோசித்துச் செய்ததில்லை, கை செய்தது. இதை யாரும் சாப்பிடப் போவதில்லை, சுவரில் மாட்டத்தான் போகிறோம் என்று தூவி முடித்த பிறகுதான் உறைத்தது. போட்டது போட்டதுதான் என்று மொட்டைமாடியில் வலை விரித்துப் பரப்பினேன். நல்ல கோடை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். ஐந்தாம் நாள் எடுத்துப் பார்த்தால் வில்லைகள் அப்பளம் போல மொறுமொறுவென்று இருந்தன. வெயிலுக்கு நேராகப் பிடித்ததும் சுளைகள் தனித்தனியாக ஒளி விட்டன. எனக்கே நம்ப முடியவில்லை. எத்தனை லட்சம் எலுமிச்சை நறுக்கியிருப்பேன், ஒன்றைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததில்லை.

டெய்லர் அக்காவும் போட்டிக்குச் செய்தாள். அவளுடையதில் நாலாம் நாளே பச்சையாகப் பூஞ்சணம் பிடித்தது. மிச்சத்தை எறும்பு வரிசை கட்டி இழுத்துப் போனது. என்னுடையதை எறும்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எப்படி என்று அவள் கேட்டாள். தொழில் ரகசியம் என்றேன். உப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை. பதினெட்டு வருடத்தில் யாரும் என்னிடம் எதையும் எப்படிச் செய்தாய் என்று கேட்டதில்லை. முதல்முறையாக ஒருத்தி கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கை பழக்கத்தில் விழுந்த உப்பை அதற்குப் பிறகு வேண்டுமென்றே போட ஆரம்பித்தேன். ஒரு சிட்டிகை போட வேண்டிய இடத்தில் ஒரு பிடி போட்டேன்.

ஆரஞ்சுக்குப் பிறகு எலுமிச்சை. அப்புறம் ஆப்பிள். ஆப்பிளைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் விதை அறை நட்சத்திரமாக விரியும், அது ஒரு அழகு. இரண்டு ஆரஞ்சுக்கு நடுவில் ஒரு ஆப்பிள், கீழே கனத்துக்கு ஒரு இலவங்கப்பட்டைத் துண்டு என்று கோத்தேன். ஜன்னலுக்கு ஒன்று, கண்ணாடியைச் சுற்றி ஒன்று, கதவுக்கு வளையமாக ஒன்று. என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து ஒவ்வொரு நாளும் அவற்றின் கீழே நின்று பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் கயிறு மாட்டும் கொக்கிகளை அவரே அடித்துக் கொடுத்தார், சுவர் பொரியாமல், ஒரே மட்டத்தில்.

அந்தச் சமயத்தில் தெருமுனைக் கட்டடத்தில் பல் டாக்டரம்மா ஒருவர் கிளினிக் திறந்தார். கீழே நோயாளிகள் காத்திருக்கும் அறை, மாடியில் கைகழுவும் இடமும் குளியலறையும். குழாய் வேலை முழுவதும் என் வீட்டுக்காரர்தான். காத்திருக்கும் அறையின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஏழு ஜாயின்ட் போனது. ஏழுக்கும் தனித்தனியாகத் தாள் விரித்து உட்கார்ந்திருக்கிறார். டாக்டரம்மா அதைப் பார்த்து அசந்துவிட்டார். தன் அண்ணன் கட்டப்போகும் இருபத்துநாலு வீட்டுக் குடியிருப்பின் வேலையும் உங்களுக்குத்தான் என்று சொல்லி, வரைபடத்தையும் கையில் கொடுத்தார். இவர் ஆயுசில் அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. வரைபடத்தை வீட்டுத் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் செம்பு வைத்து, பென்சிலால் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு முதல் தடவையாகக் குழாய் பற்றி விளக்கினார். எந்த வீட்டுத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்று அரை மணி நேரம் பேசினார். அவ்வளவு நேரம் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் கிளினிக்கில் இன்னொன்றும் பேசியிருக்கிறார். அறை வெறிச்சென்று இருக்கிறது, ஏதாவது மாட்ட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபோது, "எங்க வீட்ல ஆரஞ்சுல செய்வாங்க" என்றாராம். ஒரு பொருளையும் யாரிடமும் புகழ்ந்து விற்கத் தெரியாத மனிதர் எனக்காக வாயைத் திறந்திருக்கிறார். 

நாற்பது சரம் செய்தேன். ஆரஞ்சு மட்டுமே இருநூறுக்கு மேல் நறுக்கினேன். மணிக்கட்டுக்குத் துணி சுற்றிக்கொண்டு நறுக்கினேன். டாக்டரம்மா கிளினிக்குக்கு ஒரு பூச்சியும் வந்துவிடக் கூடாது என்று உப்பை அள்ளி அள்ளிப் போட்டேன். ஃபால்ஸ் சீலிங்கிலிருந்து ஏற்ற இறக்கமாகச் சரங்களைத் தொங்கவிட்டபோது, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் பல்வலியை மறந்துவிட்டேன் என்றார். அது உபசாரத்துக்குச் சொன்னதுதான், ஆனாலும் வீடு வரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

பிறகு மழைக்காலம் வந்தது. பத்து நாள் வெயிலே இல்லை. துவைத்த துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, கதவுகள் உப்பிக்கொண்டு மூட மறுத்தன. அப்போது கிளினிக்கில் காத்திருந்த ஒருவரின் வெள்ளைச் சட்டை மேல் பழுப்பாக ஒரு சொட்டு விழுந்தது. அடுத்தது வரவேற்பில் இருந்த பெண்ணின் நோட்டுப் புத்தகத்தில். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். சரங்கள் வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே என்ன இருக்கிறது? குளியலறை. அதற்கு மேல் யாரும் யோசிக்கத் தேவையே இருக்கவில்லை. இவருக்குப் போன் வந்தது.

முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தான் போட்ட ஜாயின்டைப் பார்க்க இரண்டாம் தடவை போனார். என் சரங்களை ஒவ்வொன்றாக, வில்லை உடையாமல் கழற்றி ஓர் அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறார். சீலிங் பலகையைத் திறந்து பார்த்தால் ஏழு ஜாயின்டும் காய்ந்து கிடந்தன. தரையில் கிடந்த சொட்டை விரலால் தேய்த்துப் பார்த்திருக்கிறார். பிசுபிசுவென்று இருந்தது. குழாய் ஒட்டும் பசைதான் கரைந்து வருகிறது என்று நினைத்துவிட்டார். குளியலறைத் தண்ணீர் என்று நம்புகிறதை யார் நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள்? நல்ல ஜாயின்டுகளை எல்லாம் அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்டினார். தாளை விரித்து இந்தத் தடவை இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார். ஒரு சொட்டும் இல்லை. எப்படி இருக்கும்? சொட்டுகிற பொருளெல்லாம் பெட்டிக்குள் இருந்ததே.

மறுநாள் காலை சரங்களைத் திரும்ப மாட்ட நான் போனேன். வேறு யாராவது தொட்டால் உடைத்துவிடுவார்கள் என்று நானேதான் கேட்டுக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்தேன். மொறுமொறுவென்று இருந்த வில்லைகள் துவண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பெட்டியின் அடி அட்டை ஊறிப்போயிருந்தது. ஒரு சரத்தைத் தூக்கியதும் முழங்கை வரைக்கும் ஈரம் ஓடியது. என் விரல் வழக்கம் போல நாக்குக்குப் போனது.

உப்பு. பீப்பாய்த் தண்ணீரின் அதே கரிப்பு.

 ஈரக் காற்றில் உப்புக் கசியும் என்பது ஊறுகாய் கம்பெனியில் வேலை செய்தவளுக்குத் தெரியாதா? மழை மாதங்களில் உப்பு மூட்டைக்கு அடியில் பலகை போட்டு, வாளி வைத்தவள் நான். மொத்தமும் அந்த நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. தெரியாமல் செய்தது அதுவரைக்கும்தான். இனிமேல் சொல்லப் போவதெல்லாம் தெரிந்தே செய்தது.

டாக்டரம்மா அப்போதுதான் உள்ளே வந்தார். பக்கத்தில் வந்து நின்று ஒரு வில்லையைத் தொட்டுப் பார்த்தார்.

"உங்க கைவேலை எவ்வளவு நேர்த்தியா இருக்கு பாருங்கக்கா. அவர் வேலையும் இதே மாதிரி இருந்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல."

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. ஒரே வார்த்தை. சூப்பர்வைசர் அம்மா பதினெட்டு வருடம் என் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை. வரவேற்புப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலிகளில் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் சொன்னது இதுதான்:

"அவருக்கும் வயசாகுதில்ல, டாக்டரம்மா."

சொல்லிவிட்டு, ஸ்டூலின் மேல் ஏறி நாற்பது சரத்தையும் மாட்டினேன்.

சும்மா இருந்திருந்தால்கூடப் பயந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சும்மா இருக்கவில்லை. நேர்த்தி என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, என்னோடு முப்பது வருடம் வாழ்ந்த மனிதரின் கையைக் குறை சொன்னேன். எந்தப் பெண்பிள்ளையாவது இப்படிச் செய்தாள் என்று நான் கேள்விப்பட்டிருந்தால், அவளைப் பற்றித் தெருவெல்லாம் பேசித் தீர்த்திருப்பேன்.

இரண்டாம் நாளே மறுபடி சொட்டியது. டாக்டரம்மா திட்டவில்லை. இன்னொருவரிடமும் காட்டிப் பார்க்கிறேன் என்று மரியாதையாகத்தான் சொன்னார். வந்தவர் கடைத்தெருப் பிளம்பர், வாய்ச்சவடால் பேர்வழி. கோளாறு சீலிங்கில் இல்லை, தரைக்குள் இருக்கிறது என்று மாடிக் குளியலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டார். இவர் அங்கே போய் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். தன் குழாயை இன்னொருத்தர் உளியால் தோண்டுவதை நின்று பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் தட்டின் முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. நான் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அப்போது எனக்கு ஒரு புத்தி தோன்றியது. என் புத்தியை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. உண்மையைச் சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பேக்கரிக்காரரைக் கெஞ்சிக் கேட்டு, மதியம் அவருடைய அடுப்பு ஆறும் நேரத்தில் தட்டுத் தட்டாக வில்லைகளை உள்ளே வைத்துக் காயவைத்தேன். ஒரு துளி உப்பில்லை. கை மூன்று நான்கு தடவை டப்பாவுக்குப் போனது, தட்டிவிட்டேன். நாற்பது புதுச் சரம். நிறம் மங்கிவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று டாக்டரம்மாவிடம் சொல்லி, பழையதை எல்லாம் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். எவ்வளவு நல்ல மனசு உங்களுக்கு என்றார் அவர்.

நான் மாட்டிய அன்றைக்குத்தான் கடைத்தெருப் பிளம்பரும் வேலையை முடித்தார். அதற்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை. மழை இன்னும் மூன்று வாரம் பெய்தது. ஒரு சொட்டும் விழவில்லை.

பழி நீங்கும் என்று நினைத்துச் செய்த வேலை, பழியை நிரூபித்துக் கொடுத்துவிட்டது. முதல் பிளம்பர் போட்டது ஒழுகியது, இரண்டாம் பிளம்பர் போட்டது நின்றது. குழந்தைக்குக்கூடப் புரிகிற விஷயம். இருபத்துநாலு வீட்டு வேலை கடைத்தெருப் பிளம்பருக்குப் போனது. வரைபடத்தை வாங்கிப் போக ஆள் வந்தது. இவர் அதில் போட்டிருந்த பென்சில் கோடுகளை எல்லாம் ரப்பரால் அழித்து, சுருட்டி, நூல் கட்டிக் கொடுத்தார். அடுத்தவர் பார்த்தால் குழம்பிவிடுவார் என்றார்.

குழாய்ச் சாமான் கடையில் அவருக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். சொட்டு. வயதில் பெரியவர் என்பதால் சிலர் சொட்டு அண்ணன் என்றார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது. ஒரு மாதத்தில் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றது. புதிதாக வந்தவர்களுக்கு அதுதான் அவர் பெயர். வீட்டு வாசலில் வந்து "சொட்டு இருக்காரா?" என்று என்னிடமே கேட்டார்கள். இருக்கார் என்று நானும் உள்ளே பார்த்துக் கூப்பிட்டிருக்கிறேன்.

அதைக்கூட அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை அரித்தது வேறு. தன் கையை அவர் நம்பாமல் போனார். ஒரு டேப் மாற்றப் போனால் மறுநாள் போய்ப் பார்ப்பார், அதற்கு மறுநாளும் போவார். வேலை கொடுத்தவர்கள் எரிச்சலானார்கள். எங்கள் வீட்டில் எல்லாக் குழாயின் அடியிலும் செய்தித்தாள் விரித்திருந்தார். சமையலறையில் நடக்க இடமில்லை. ஒருநாள் மத்தியானம் ஜன்னலோரம் நின்று இரண்டு கைகளையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "நடுங்குதா பாரு" என்றார். நான் பார்த்தேன். தடித்த விரல்கள், நகக்கண்ணில் பசை, பாறை போல அசையாமல் இருந்தன. இல்லைங்க என்றேன். என் மனசு நோகக் கூடாது என்று சொல்கிறாய் என்று கைகளை மடக்கிக்கொண்டார்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். தினமும் சொல்லத்தான் போனேன். காலையில் அவர் அவசரமாகப் போகிறார், மாலையில் களைத்து வருகிறார், இன்றைக்கு முகம் கொஞ்சம் தெளிவாக இருக்கிறது, கெடுப்பானேன். இப்படி ஒரு நாளைக்கு ஒரு சாக்கு. எட்டு மாதம் ஓடியது. டாக்டரம்மா சொல்லி வேறு மூன்று இடத்தில் என்னிடம் சரம் கேட்டார்கள். மணிக்கட்டு வலி என்று தட்டிக் கழித்தேன். ஆரஞ்சுப் பழத்தைக் கடையில் பார்த்தாலே எனக்கு முகம் கழன்று விழுவது போல இருந்தது.

பிறகு ஒருநாள் மதியம் நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். அவர் கூடத்தில் தரையில் உட்கார்ந்து, தன் சாமான்களை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய ரெஞ்ச், சின்ன ரெஞ்ச், குழாய் அறுக்கும் ரம்பம், பிடி தேய்ந்த சுத்தியல். எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். கடைத்தெருப் பிளம்பருக்கு இருபத்துநாலு வீட்டு வேலைக்கு ஆள் சேர்ந்திருக்கிறது, சாமான் போதவில்லையாம், சாயந்தரம் வந்து எடுத்துக்கொள்வார் என்றார். அப்புறம் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன்.

"போதும்னு தோணுது. ஒழுகுற ஜாயின்ட போட்டுட்டு இன்னும் எத்தன வீட்டக் கெடுக்கறது."

நான் பையைக் கீழே வைத்தேன். அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை, ரெஞ்சைப் பார்த்துச் சொன்னேன். உப்புப் போட்டதையும், ஈரத்தில் அது கசிந்ததையும், பெட்டியில் ருசி பார்த்ததையும், தெரிந்தும் திரும்ப மாட்டியதையும், பேக்கரி அடுப்பில் புதுச் சரம் செய்து மாற்றியதையும் சொன்னேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வது, வீட்டை விட்டுப் போ என்றாலும் போய்விடுவது என்று தீர்மானமாக இருந்தேன்.  எண்ணெய்த் துணி அவர் கையிலேயே இருந்தது.

"அப்ப என் ஜாயின்ட் ஒழுகலையா?"

"இல்லீங்க."

"ஏழுமா?"

"ஏழுந்தான். ஒரு சொட்டுகூட இல்ல."

அவர் முகம் மலர்ந்தது. வேறு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. கோபம் வரும் என்று நான் காத்துக்கொண்டிருந்த இடத்தில் சந்தோஷம் வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி, அன்னைக்கே காய்ஞ்சுதானே கிடந்தது, காய்ஞ்சுதானே கிடந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்னைத் திட்ட வேண்டும் என்பது அவருக்கு நினைவே வரவில்லை. நான் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். ஒரு அறை விழுந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

சாயந்தரம் கடைத்தெருப் பிளம்பர் வந்தபோது, சாமான் கொடுப்பதற்கில்லை என்று இரண்டே வார்த்தையில் அனுப்பிவிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு, இப்போதே கிளினிக்குக்குப் போய் டாக்டரம்மாவிடம் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எதுக்கு? நாலு பேரு உன்னப் பேசவா? எனக்குத் தெரிஞ்சா போதும், விடு."

அந்த நிமிடத்தில் எனக்கு என்ன வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிம்மதி வந்தது. அப்பாடா என்று இருந்தது. ஒரு பேச்சுக்குக்கூட, இல்லை, நான் போகத்தான் போகிறேன் என்று மல்லுக்கட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. கிளினிக்கில் இன்றைக்கும் என் சரம்தான் தொங்குகிறது. டாக்டரம்மா தெருவில் பார்த்தால் நின்று பேசுகிறார். இருபத்துநாலு வீட்டிலும் இன்னொருவர் போட்ட குழாயில் தண்ணீர் வருகிறது. எல்லோருக்கும் இவர் சொட்டுதான்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன் என்றேனே, அது பொய். ஒன்றைச் சொல்லவில்லை. ஸ்டூலில் ஏறுவதற்கு முன்னால், அவருக்கு வயசாகிறது என்று டாக்டரம்மாவிடம் நான் சொன்ன வார்த்தையைச் சொல்லவில்லை. உப்பைச் சொல்ல முடிந்தது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை, இன்றுவரைக்கும் எழவில்லை.

நேற்றுக் காய்கறிக் கடையில் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். பின்னாலிருந்து யாரோ, "சொட்டு, எங்க வீட்டு டேப்ப வந்து கொஞ்சம் பாரேன்" என்று கூப்பிட்டார். வருகிறேன் என்று தலையாட்டிவிட்டு, இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த வேடிக்கை என்கிற மாதிரி, கண்ணைச் சிமிட்டிச் சிரித்தார். நான் தக்காளி பொறுக்குவது போலக் குனிந்துகொண்டேன்.